இருக்கைக்கு அடியில் ஓர் உருமி
இடம் போகாமல் வண்டியில் சப்வூஃபர் பொருத்த முடியுமா? பதில் உங்கள் இயற்பியல் பாடநூலில் இருக்கிறது

புக்கிட் காத்தில் கடைத்தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை. நீங்கள் தே தாரிக் வாங்கக் காத்திருக்கிறீர்கள். தூரத்தில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வருகிறது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே 'தும்... தும்...' என்ற ஒலி வந்து சேர்ந்துவிடுகிறது. என்ன பாட்டு என்று தெரியவில்லை. பாடுபவர் குரலும் கேட்கவில்லை. ஆனால் மேசையில் இருக்கும் கண்ணாடிக் குவளை மட்டும் மெல்ல நடுங்குகிறது.

இதைப் பார்த்ததும் உங்கள் அண்ணனுக்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்பாவின் டபுள் கேப் வண்டியில் ஒரு சப்வூஃபர் வைக்க வேண்டும். அப்பா சொல்கிறார்: "வைத்துக்கொள்ளப்பா. ஆனால் ஜாக்கும் கருவிகளும் இருக்கிற இடத்தில் கை வைக்காதே. பின்னால் தம்பி தங்கச்சி உட்கார வேண்டும். பின் தட்டில் செம்பனைக் குலை ஏற்ற வேண்டும்."

அப்பா சொல்வது நியாயம்தான். ஜாசின் பக்கம் செம்மண் தோட்டச் சாலையில் டயர் வெடித்தால், உதவிக்கு வருவது பாட்டு அல்ல, ஜாக். அண்ணன் சொல்வதும் ஓர் ஆசைதான். இரண்டு பேரும் இப்போது உங்களைப் பார்க்கிறார்கள். "நீதானே இயற்பியல் படிக்கிறாய்?"

வாருங்கள், மாணவர்களே. இந்த வழக்கை நாம் தீர்த்து வைப்போம். நான்காம் படிவத்தின் அலைகளும் வெப்பமும், ஐந்தாம் படிவத்தின் மின்சாரமும் போதும்.

தாழ்ந்த ஒலிக்கு ஏன் இவ்வளவு இடம்?

முதலில் ஒரு கணக்கு. நம் மலாக்காவின் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் தூரம் போகிறது. அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது.

3,500 ஹெர்ட்ஸ் கொண்ட கூர்மையான ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கைக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். அது உங்கள் அப்பாவின் வண்டியைவிட நீளம். 35 ஹெர்ட்ஸ் என்றால் 10 மீட்டர்!

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று படித்திருப்பீர்கள். சப்வூஃபரின் வேலை இந்த ஏணியின் அடிப்படிகளில். ஏறத்தாழ 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை.

இவ்வளவு நீளமான அலையை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். வீட்டில் சாமி மணி சின்னதாக இருக்கிறது, தவிலும் உருமியும் பெரிதாக இருக்கின்றன அல்லவா? காரணம் இதுதான். திறந்தவெளியில், ஒரே அளவு ஒலி அழுத்தத்துடன் அதிர்வெண்ணைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால், ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். போதாததற்கு நம் காதும் தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டிலேயே இதை அளந்து வெளியிட்டார்கள்.

சரி, கூம்பு பெரிதாக இருக்கட்டும். பெட்டி எதற்கு? பெட்டி இல்லாமல் கூம்பை மட்டும் இருக்கைக்கு அடியில் மாட்டினால் என்ன?

கூம்பு முன்னால் வரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்புறக் காற்று விரிகிறது. நெருங்கிய காற்று, விளிம்பைச் சுற்றி ஓடி, விரிந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஒன்று மற்றொன்றை அழிக்கிறது. அலைகள் பாடத்தில் வரும் அழிவுக் குறுக்கீடு இதுதான். மின்சாரம் செலவாகும், கூம்பு குதிக்கும், ஆனால் 'தும்' வராது. அதனால்தான் கூம்பின் முதுகை ஒரு பெட்டிக்குள் அடைக்கிறோம்.

பெட்டிக்குள் ஒரு வில்

அடைத்த பெட்டிக்குள் இருப்பது வெறும் காற்றுதானே என்று நினைக்காதீர்கள். அது ஒரு சுருள்வில். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கை திரும்பித் தள்ளப்படுகிறது அல்லவா?

இப்போது பாயில் விதியைக் கொண்டு கணக்கிடுவோம். 10 அங்குல சப்வூஃபர் ஒன்றின் கூம்புப் பரப்பு ஏறத்தாழ 330 சதுர சென்டிமீட்டர். அது 1 சென்டிமீட்டர் உள்ளே போனால் 330 கன சென்டிமீட்டர், அதாவது 0.33 லிட்டர் காற்றை நெருக்குகிறது.

பெட்டியின் கனஅளவு 25 லிட்டர் என்றால், 0.33 லிட்டர் என்பது 1.3 விழுக்காடு. அழுத்தமும் ஏறத்தாழ 1.3 விழுக்காடு ஏறும். சாதாரணக் காற்றழுத்தம் 101,000 பாஸ்கல், அதில் 1.3 விழுக்காடு என்பது சுமார் 1,330 பாஸ்கல். இதைக் கூம்பின் பரப்பான 0.033 சதுர மீட்டரால் பெருக்குங்கள். 44 நியூட்டன் வருகிறது. நாலரைக் கிலோ எடையைக் கூம்பின் முதுகில் வைத்தது போல.

பெட்டியை 10 லிட்டராகச் சுருக்கினால்? அதே 0.33 லிட்டர் இப்போது 3.3 விழுக்காடு. விசை 110 நியூட்டன். 11 கிலோ எடை! பெட்டி சிறிதானால் காற்று வில் விறைக்கிறது.

விறைத்த வில் வேகமாக அதிரும். உருமியின் தோலைக் கயிறு இழுத்து இறுக்கினால் சுருதி ஏறுவதும் இதே காரணத்தால்தான். ஆக, பெட்டி சிறிதாகச் சிறிதாக, ஒலிபெருக்கியின் இயல்பு அதிர்வெண் ஏறிவிடும். அதற்குக் கீழே ஒலி வேகமாக மங்கிவிடும். 'தும்' என்பது 'டப்' ஆகிவிடும்.

அண்ணனின் பிரச்சினை இப்போது தெளிவாகிறது. இடத்தைக் காப்பாற்றப் பெட்டியைச் சுருக்கினால், எதற்காகப் பெட்டி வைக்கிறோமோ அந்த ஒலியே போய்விடுகிறது.

மூன்று வரம் கேட்டால் இரண்டுதான் கிடைக்கும்

இந்தச் சிக்கல் புதிதல்ல. இன்று நாம் பயன்படுத்தும் நகரும் சுருள் ஒலிபெருக்கியை அமெரிக்கப் பொறியாளர்கள் ரைசும் கெல்லாகும் 1925ஆம் ஆண்டில் வடிவமைத்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள், நல்ல தாழ்ந்த ஒலி வேண்டுமானால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும் என்பதே நிலை.

1954ஆம் ஆண்டு எட்கர் வில்ச்சர் என்பவர் ஒரு மாற்று வழியைக் கொண்டுவந்தார். கூம்பைத் தாங்கும் விளிம்பை மிக மென்மையாக்கினார். கூம்பைத் திருப்பித் தள்ளும் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடமே ஒப்படைத்தார். காற்று வில்லைப் பகைவனாகப் பார்க்காமல் வேலைக்காரனாக மாற்றிக்கொண்டார். அவருடைய ஏ.ஆர்.-1 என்ற ஒலிபெருக்கி புத்தக அடுக்கில் வைக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தும், அன்றைய பெரிய பெட்டிகளுக்குப் போட்டியாக நின்றது.

ஆனால் இயற்கை எதையும் சும்மா தருவதில்லை. அதே காலத்தில் ஒலிபெருக்கித் துறையில் இருந்த ஆன்டன் ஹாஃப்மன் என்பவரின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது. அதை 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்பார்கள். சிறிய பெட்டி, ஆழமான தாழ்ந்த ஒலி, குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி. இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் கேளுங்கள். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

வில்ச்சர் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். அவருடைய பெட்டிக்கு அதிக வலுவுள்ள ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டது. நாமும் அதையே செய்யப் போகிறோம். இடத்தை விட முடியாது. ஆழமான ஒலியையும் விட முடியாது. மின்சாரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்போம்.

பிறகு 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவரும், அவரைத் தொடர்ந்து 1970களின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் என்பவரும், எந்த ஒலிபெருக்கிக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதைக் கணக்குப் போட்டே சொல்லும் முறையை உருவாக்கினார்கள். இன்று சப்வூஃபர் வாங்கும்போது கூடவே வரும் தாளில் 'தீல்-ஸ்மால் அளவுகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அண்ணன் அதைக் கசக்கி எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை லிட்டர் தேவை என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

வண்டி தரும் மூன்று இலவசங்கள்

இதுவரை கெட்ட செய்தி. இனி நல்ல செய்தி. வீட்டுக் கூடத்தில் கிடைக்காத சில உதவிகள் வண்டிக்குள் கிடைக்கின்றன.

முதல் உதவி: எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். ஓர் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை நம் இரண்டு காதுகளும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கின்றன. ஆனால் 7 மீட்டர் நீளமுள்ள அலைக்கு நம் தலை ஒரு பொருட்டே அல்ல. இரண்டு காதுகளிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியே வந்து சேர்கிறது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசையைப் பிரித்தறிவது மிகவும் கடினம். அதனால் சப்வூஃபர் பின்னிருக்கைக்கு அடியில் இருந்தாலும், முன்னால் இருக்கும் ஒலிபெருக்கிகளில் இருந்தே எல்லாம் வருவதாகத் தோன்றும்.

இரண்டாவது உதவி: வண்டியின் உட்புறமே ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். டபுள் கேப் வண்டியின் உள்நீளம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலையில் பாதி 2.5 மீட்டர் என்றால் முழு அலை 5 மீட்டர். அதாவது 70 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள அலைகளுக்கு வண்டிக்குள் நிமிர்ந்து நடக்க இடமில்லை. கூம்பு அசையும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரே சமயத்தில் நெருங்கி விரிகிறது. அடைத்த பெட்டியின் ஒலி எந்த அதிர்வெண்களில் மங்கத் தொடங்குகிறதோ, அதே இடத்தில் வண்டியின் உட்புறம் கை கொடுக்கிறது. கதவும் கண்ணாடியும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் முழு உதவியும் கிடைக்காது. ஆனாலும் வீட்டில் மெலிந்து ஒலிக்கும் சிறிய அடைப்புப் பெட்டி, வண்டியில் வளமாக ஒலிக்க இதுவே காரணம்.

மூன்றாவது உதவிதான் நம் வழக்கைத் தீர்க்கப் போவது. பெட்டியின் வடிவம் முக்கியமல்ல. கனஅளவுதான் முக்கியம்! 7 மீட்டர் அலைக்கு முன்னால் 80 சென்டிமீட்டர் பெட்டி மிகச் சிறியது. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாகவே நெருங்குகிறது. ஆகவே அது கனசதுரமாக இருக்கலாம், தோசைக்கல் போலத் தட்டையாக இருக்கலாம், சக்கர வளைவைச் சுற்றி வளைந்தும் போகலாம். லிட்டர் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

அப்படியானால் பொருள் வைக்க உதவாத மூலைகளைத் தேடுவோம். பின்னிருக்கைக்கு அடியில் இருக்கும் வெற்றிடம். இருக்கையின் முதுகுக்கும் பின்சுவருக்கும் இடையே உள்ள சந்து. ஜீப் வகை வண்டிகளில் பின்பக்கப் பலகைக்குள் இருக்கும் குழி. பல ஃபோர் வீல் வண்டிகளில் மாற்று டயர் அடிப்பாகத்தில் அல்லது பின்கதவில் தொங்குவதால், சாதாரணக் கார்களில் இருப்பது போன்ற டயர்க்குழி அவற்றில் இருப்பதில்லை. அந்த வழியை மறந்துவிடலாம்.

அளவு நாடாவை எடுங்கள்

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு பெரிய சப்வூஃபர் பெட்டி 60 x 40 x 35 சென்டிமீட்டர் என்று வைப்போம். 84 லிட்டர். அந்த இடத்தில் 10 கிலோ அரிசிப் பைகள் ஆறு வைத்துவிடலாம். அப்பா கோபப்படாமல் என்ன செய்வார்?

நம் திட்டத்தைப் பாருங்கள். பின்னிருக்கைக்கு அடியில் 130 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம், 21 சென்டிமீட்டர் உயரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் நீங்களே அளந்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

130இல் 80 சென்டிமீட்டர் பெட்டிக்கு. மீதி 50 சென்டிமீட்டர் ஜாக்குக்கும் கருவிகளுக்கும் எச்சரிக்கை முக்கோணத்துக்கும்.

உயரம் முழுவதையும் பெட்டிக்குக் கொடுக்க முடியாது. கூம்பு மேல்நோக்கி இருக்கும்; அதற்கும் இருக்கைக்கும் இடையே காற்று வெளியேற வழி வேண்டும். குறைந்தது எவ்வளவு இடைவெளி? கூம்பின் பரப்பு பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். சுற்றிலும் உள்ள திறப்பின் பரப்பு, சுற்றளவு பெருக்கல் இடைவெளி. இரண்டும் சமமாக இருக்க வேண்டுமானால், இடைவெளி ஆரத்தில் பாதியாக வேண்டும். ஆரம் சுமார் 10 சென்டிமீட்டர், இடைவெளி 5. ஆகவே பெட்டியின் உயரம் 21இல் 5 போக 16 சென்டிமீட்டர்.

வெளி அளவு 80 x 30 x 16. பெருக்கினால் 38.4 லிட்டர். ஆகா, போதுமே என்று துள்ளாதீர்கள். பலகையின் கனத்தைக் கழிக்கவில்லையே! 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை என்றால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சுவர்களுக்காக 3.6 சென்டிமீட்டர் போகும். உள் அளவு 76.4 x 26.4 x 12.4. பெருக்குங்கள்: 25 லிட்டர்தான். 13.4 லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மரமே தின்றுவிட்டது. தட்டையான பெட்டிகளில் இந்த இழப்பு அதிகம். ஒலிபெருக்கியின் உடலும் உள்ளே கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள்.

இங்கேதான் ஃபைபர்கிளாஸ் உதவிக்கு வருகிறது. கண்ணாடி இழைத் துணியில் ரெசின் பூசி அடுக்கடுக்காக இறுக வைப்பது. வளைவான மூலையிலும் அப்படியே படியும். சுவர் 6 மில்லிமீட்டர் என்றால் அதே பெட்டியின் உள் அளவு 78.8 x 28.8 x 14.8, அதாவது 33.6 லிட்டர். வெளியே ஓர் அங்குலம்கூடக் கூடாமல் 8 லிட்டருக்கு மேல் லாபம். ஆனால் ரெசின் இறுகும்போது சூடேறும். அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதல். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பழக்கப்பட்ட பெரியவர் செய்ய வேண்டிய வேலை அது. பெரிய தட்டையான பக்கங்கள் துடிக்காமல் இருக்க உள்ளே குறுக்குத் தாங்கலும் வேண்டும்.

கோணல் வடிவப் பெட்டியின் கனஅளவை எப்படி அளப்பது? வாய்பாடு கிடையாது. ஒலிபெருக்கியைப் பொருத்துவதற்கு முன், துளை வழியாக அரிசியைக் கொட்டி நிரப்புங்கள். பிறகு அந்த அரிசியை ஒரு லிட்டர் கொள்கலனால் அளந்து எண்ணுங்கள். பாட்டி காலத்துப் படிக்கணக்கு இங்கே பொறியியல் கருவியாகிறது.

ஒலிபெருக்கியின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். நம் மரப்பெட்டியில் மேல்பலகையின் மேற்பரப்பிலிருந்து அடிப்பலகை வரை 14.2 சென்டிமீட்டர்தான். வழக்கமான 10 அங்குல சப்வூஃபர் 14 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால், அதன் காந்தம் அடிப்பலகையைக் கிட்டத்தட்ட முட்டும். மூச்சுவிட இடமிருக்காது. இதற்காகவே 8 சென்டிமீட்டர் அளவில் ஆழம் குறைந்த சப்வூஃபர்கள் தனியாகச் செய்யப்படுகின்றன. இன்னொரு வழி, ஒரு 10 அங்குலத்துக்குப் பதில் இரண்டு 8 அங்குலம். ஒவ்வொன்றின் பரப்பும் சுமார் 210. இரண்டும் சேர்ந்தால் 420 சதுர சென்டிமீட்டர். 330ஐவிட அதிகம்!

பஞ்சு செய்யும் வேலை

பாயில் விதிப்படி 44 நியூட்டன் என்று கணக்கிட்டோம் அல்லவா? உண்மையில் அதைவிட 1.4 மடங்கு, ஏறத்தாழ 62 நியூட்டன் வரும். ஏன்?

பாயில் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் பொருந்தும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டிருப்பீர்கள். ஒரு வினாடிக்கு 50 முறை நெருக்கும்போது அந்தச் சூடு வெளியேற நேரமில்லை. சூடான காற்று கூடுதலாக எதிர்த்துத் தள்ளுகிறது.

பெட்டிக்குள் தலையணையில் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால், அதன் மெல்லிய இழைகள் அந்தச் சூட்டை உடனே வாங்கிக்கொண்டு, காற்று விரியும்போது திருப்பித் தருகின்றன. காற்று வில் இளகுகிறது. ஒலிபெருக்கிக்குப் பெட்டி பெரிதானது போலத் தோன்றுகிறது. கொள்கைப்படி 40 விழுக்காடு வரை லாபம். நடைமுறையில் 10 முதல் 20 விழுக்காடு கிடைத்தாலே நல்லது. 25 லிட்டர் பெட்டி 28 லிட்டர் போல நடந்துகொள்ளும். பஞ்சைத் திணித்து நெருக்கினால் பலன் போய்விடும்.

பேட்டரியிடம் கேட்டீர்களா?

மூன்றாவது வரத்தை விட்டுக்கொடுத்தோமே, அதன் விலை இதோ. ஒலிபெருக்கிக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சுருளைச் சூடாக்குவதிலேயே போகிறது. 100 வாட் கொடுத்தால் 1 வாட் ஒலியாக மாறுவதே பெரிது. சிறிய பெட்டியில் அதுவும் குறையும்.

300 வாட் தரும் டி வகை ஆம்ப்ளிஃபையரின் திறன் 80 விழுக்காடு என்று வையுங்கள். அது பேட்டரியிலிருந்து 375 வாட் இழுக்கும். இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட். 375ஐ 13.8ஆல் வகுத்தால் 27 ஆம்பியர். இரண்டு 55 வாட் முன்விளக்குகள் சேர்ந்து இழுப்பதே 8 ஆம்பியர்தான்!

27 ஆம்பியரை மெல்லிய கம்பியில் அனுப்பினால் கம்பி சூடேறும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதனால் தடித்த செப்புக் கம்பி வேண்டும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வேண்டும். கம்பி இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். தோட்டச் சாலையில் வண்டி குலுங்கும்போது தகட்டின் கூர்விளிம்பு கம்பியின் உறையை அறுத்தால், முழு பேட்டரியும் அந்த ஒரு புள்ளியில் கொட்டும். வண்டி தீப்பிடிக்க அது போதும். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை மட்டுமல்ல. பேட்டரி முதல் ஆம்ப்ளிஃபையர் வரை ஓடும் அந்தக் கம்பியையும், அதன் அருகில் உட்கார்ந்திருக்கும் உங்களையும்.

கட்டாத பெட்டி ஓர் எறிகணை

நம் மரப்பெட்டியின் பலகைகள் சுமார் 10 கிலோ. ஒலிபெருக்கி 5 கிலோ. ஆக 15 கிலோ. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது வினாடிக்கு 13.9 மீட்டர். விபத்தில் 0.1 வினாடியில் வண்டி நின்றால், பெட்டியைப் பிடித்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்? 15 x 13.9 வகுத்தல் 0.1. ஏறத்தாழ 2,085 நியூட்டன். 200 கிலோவுக்கு மேலான எடைக்குச் சமம். வெறும் ஒட்டுப்பட்டை இதைத் தாங்குமா? பெட்டியைத் தகட்டோடு சேர்த்து உலோகப் பட்டையாலும் போல்ட்டாலும் இறுக்க வேண்டும்.

துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு முறை பாருங்கள். எரிபொருள் தொட்டியும், அதன் குழாயும், பிரேக் குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. இருக்கைப் பட்டியின் போல்ட்டையும், இருக்கைக்கு அடியில் போகும் காற்றுப்பை இணைப்புக் கம்பிகளையும் தொடவே கூடாது. இந்தப் பகுதியைத் தெரிந்த பட்டறைக்காரர் செய்யட்டும். அளவும் கணக்கும் உங்கள் பொறுப்பு.

காதும் பக்கத்து வீடும்

கடைசியாக ஒரு கேள்வி. முதலில் சொன்ன கடைத்தெருவில் 'தும்... தும்...' மட்டும் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. ஏன்? சுவரும் கதவும் உயர்ந்த ஒலியை நன்றாகத் தடுக்கும்; தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் உங்கள் வண்டியின் பாட்டு உங்களுக்கு இசை. தாமானில் உள்ள மற்றவர்களுக்கு வெறும் இடி. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் அண்டை வீட்டார் கதவை மூடியும் பயனில்லை.

உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 20 நிமிடம்தான்! உட்காதின் மெல்லிய மயிரிழை உயிரணுக்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. உரத்த பாட்டில் ஆம்புலன்ஸின் ஒலியும் கேட்காமல் போகும்.

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலையில் உருமி மேளம் முழங்கும்போது நெஞ்சு அதிர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த அதிர்வு நமக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அங்கே திறந்த வானம். மூடிய வண்டிக்குள் அதே ஒலி வெளியேற வழியில்லாமல் உங்கள் செவிப்பறையில்தான் முடியும்.

தீர்ப்பு

இப்போது அண்ணனுக்கும் அப்பாவுக்கும் பதில் சொல்லலாம். "இடம் போகாமல் வைக்க முடியும். 84 லிட்டர் பெட்டி வேண்டாம். இருக்கைக்கு அடியில் தட்டையான அடைப்புப் பெட்டி, ஆழம் குறைந்த சப்வூஃபர், உள்ளே தளர்வாகப் பஞ்சு, தடித்த கம்பி, பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ், இறுக்கமான போல்ட். ஜாக் இருக்கும் 50 சென்டிமீட்டர் ஜாக்குக்கே. கடைசியாக, சத்தம் நம்மோடு வண்டிக்குள் இருக்கட்டும்."

அண்ணன் ஒப்புக்கொள்வார். அப்பா ஜாக்கை எடுத்துப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஒப்புக்கொள்வார்.

செய்து பாருங்கள்

ஊசியில்லாத 20 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்றை மருந்துக்கடையில் வாங்குங்கள். தண்டை 20 வரை இழுத்து, நுனியை விரலால் அடைத்து, 18 வரை அழுத்துங்கள். பிறகு தண்டை 5இல் வைத்து, நுனியை அடைத்து, 3 வரை அழுத்துங்கள். இரண்டு முறையும் தள்ளியது அதே 2 மில்லிலிட்டர்தான். எது கடினமாக இருந்தது? பாயில் விதிப்படி அழுத்தம் முதல் முறை எத்தனை மடங்கு ஏறியது, இரண்டாம் முறை எத்தனை மடங்கு ஏறியது? கணக்கிட்டு உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெரிய பெட்டிக்கும் சிறிய பெட்டிக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கட்டைவிரலுக்கே புரியும்.